எல்லோருக்கும் திறக்கும் தளம்



நூற்றாண்டை முன்னிட்டுச் சங்கத்துக்கு இணையத்தளம் அமைக்கும் பணியை எமது குழுவிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். என்ன நிறம், எந்தப் படம் என்று பலரும் யோசனை சொன்னார்கள். நாங்கள் முதலில் கேட்பது வேறு: பார்வையிழந்த பழைய மாணவி ஒருவரால் அதை வாசிக்க முடியுமா?

விழிப்புலனற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையுடன் கணினியைப் பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ளதை அது உரக்க வாசிக்கும். அவுஸ்திரேலியாவில் விழிப்புலனற்ற இருவர் உருவாக்கிய என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் எழுத்து எழுத்தாக இருந்தால்தான் அது வாசிக்கும். எங்கள் ஊர்த் தமிழுக்குத் தனிச் சிக்கல் இங்கேதான். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் எம் கண்ணுக்கு அம்மா. கணினிக்கோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதையே அது வாசித்துத் தொலைக்கும்! யூனிகோட்டில் அடித்தால் அம்மா அம்மாவாகவே ஒலிக்கும். சுற்றறிக்கையை ஸ்கான் செய்து படமாகப் போட்டாலும் அவருக்கு அது வெற்றுத் தாள்தான். எத்தனையோ நிறுவனங்களின் தளங்களில் வேலை விண்ணப்பப் படிவமே இப்படிப் படமாகக் கிடக்கிறது. தகுதியிருந்தும் அவரால் விண்ணப்பிக்க முடிவதில்லை.

செவிப்புலன் குறைந்தவருக்குக் காணொளியின் கீழே எழுத்து வேண்டும். கை நடுங்குபவருக்கு மவுஸ் இல்லாமல் விசைப்பலகையாலேயே இயக்கும் வசதி வேண்டும்.

இது தயவல்ல. 2016 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை, இணையத்தையும் அணுகத்தக்கதாக்கச் சொல்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 சதவீதத்தினர் ஏதோவொரு வகையில் இயலாமையுடையோர். போரில் கண்ணையோ கையையோ இழந்தவர்களை நாம் அறிவோம். எழுபது கடந்தவர்களும் எம்மிடையே பலர். கண்புரையும் நீரிழிவும் வகுப்புப் பார்த்து வருவதில்லை. ஆகவே, பாடசாலை நிறமென்று வெளிர் மஞ்சளில் வெள்ளை எழுத்துக் கேட்போர் எம்மை மன்னிக்க வேண்டும். சர்வதேச வழிகாட்டி சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற நிற வேறுபாட்டையாவது கேட்கிறது.

ஓர் உதவி. பழைய புகைப்படம் அனுப்பும் சகோதரிகள், ‘வலைப்பந்தாட்ட அணி’ என்று மட்டும் எழுதாமல், யார் யார் நிற்கிறார்கள், பின்னால் தெரிவது மண்டபமா வேப்பமரமா என்று இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள். அந்த வரிகளைப் படத்துடன் இணைத்துவிடுவோம். திரைவாசிப்பான் அவற்றை வாசிக்கும்.