பசியும் பந்தியும் பள்ளியும்



வெள்ளி விழா மேடையில் ஒரு தலைமையாசிரியன் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிப் பேசுவான் என்றே எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பிள்ளைகளின் வயிற்றைப் பற்றிப் பேச வந்துள்ளேன். சீர்காழியில் இதனைப் பேசுவது பொருத்தமே. கோயிற் குளக்கரையில் பசித்தழுத குழந்தைக்கு முதலில் பால் கிடைத்தது, பின்னரே பாட்டுப் பிறந்தது என்பதன்றோ ஞானசம்பந்தர் வரலாறு? அதனை நம்புவோரும் நம்பாதோரும் அந்த வரிசை முறையை மறுக்கமாட்டார்கள்.

நடவுக் காலத்தில் நம் தாய்மார்கள் விடியுமுன்பே வயலுக்குச் சென்றுவிடுகின்றனர். முதல்நாள் சோற்று நீராகாரம் இருந்தால் பிள்ளைக்கு உண்டு. இல்லையேல் வெறும் வயிறுதான். முதற் பாடவேளையில் கண் செருகும் மாணவனுக்கு ‘மந்தம்’ என்று பெயர் சூட்டுவது எளிது. அப்பெயருடன் சாதியையும் சேர்த்து ஒருவர் சொல்லிவிட்டால், அவன் பள்ளியைவிட்டு நிற்க வேறு காரணம் வேண்டியதில்லை.

இதனை நம் முன்னோடிகள் நன்கறிந்திருந்தனர். கொள்ளிடத்துக்கு அப்பால் சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிய சுவாமி சகஜானந்தர், பள்ளியோடு விடுதியையும் அமைத்தார். சென்னை மாநகராட்சியில் பிட்டி தியாகராயர் காலத்தில், 1920-இல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு தொடங்கியது. காமராசர் அதனை 1956-இல் மாநிலத் திட்டமாக்கினார், எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரிவாக்கினார். காலை உணவுத் திட்டம் 2022-இல் மதுரையில் தொடங்கி, 2023-இல் நம் டெல்டாவின் திருக்குவளையிலிருந்து மாநிலமெங்கும் விரிந்தது.

சத்துணவின் பயனை எடையாலும் உயரத்தாலும் மட்டும் அளப்போர் பாதியைத்தான் காண்கின்றனர். தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்திருந்த ஊர்களிலும் பள்ளியில் ஒரே பந்தியாகப் பிள்ளைகள் அமர்ந்தனர். அதனால்தான் அந்தப் பந்தியின்மீது சிலருக்கு இன்றும் உறுத்தல். திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளியொன்றில் 2018-இல் நடந்தது நினைவிருக்கும். சமைப்பவர் அருந்ததியர் என்பதற்காகச் சிலர் எதிர்த்தனர். அந்த அம்மையார் இடமாற்றம் செய்யப்பட்டார். மக்கள் போராடிய பின்னரே அந்த ஆணை இரத்தாயிற்று. நாங்குநேரியில் 2023-இல் பள்ளி மாணவர்களே உடன் பயின்ற மாணவனை வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024-இல் அளித்த அறிக்கையில், சாதி காட்டும் கைக்கயிறுகளைத் தடை செய்யவும் மாணவர்களை அகரவரிசையில் அமர்த்தவும் பரிந்துரைத்தது. அகரவரிசைக்குக் காசு செலவில்லை. ஆயினும் அதற்கு ஒரு நீதியரசர் சொல்ல வேண்டியிருந்தது!

இனி நாம் செய்ய வேண்டியது. காலை உணவு 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கென்றே வகுக்கப்பட்டது. ஆறாம் வகுப்புக்குச் சென்றதும் பசி விடைபெற்றுக் கொள்வதில்லை. வளரும் பருவத்துப் பெண் பிள்ளைகளுக்கோ அப்போதுதான் தேவை மிகுதி. இரத்தசோகைக்காக வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரை, வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். பிள்ளைகள் அதனைத் துப்பிவிடுகின்றனர். கழிப்பறையில் நீரில்லாத பள்ளியில் அவர்கள் பகல் முழுதும் தண்ணீரே அருந்துவதில்லை. நீர்க்கடுப்பு வந்தபின் விடுமுறை எடுக்கின்றனர். வருகைப் பதிவேட்டில் அது வெறும் ‘வரவில்லை’ என்றே பதிவாகிறது.

கழகம் ஆண்டுதோறும் முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு வழங்குகிறது, மகிழ்ச்சி. குறுவை நடவிலும் சம்பா நடவிலும் நம் தெருக்களில் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் காலையில் கேழ்வரகுக் கஞ்சியும் சுண்டலும் வழங்க ஒரு நிதி ஒதுக்குங்கள் என்று வேண்டுகிறேன். கஞ்சி ஊற்றும் பொறுப்பைக் கல்லூரியில் பயிலும் இளைஞர்கள் ஏற்க வேண்டும்.

மற்றொன்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நால்வரில் மூவர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினர்க்கும் உரிய இடம் உண்டு. நம் தாய்மார்கள் பலர் அதில் உறுப்பினராக இருந்தும், ஒருநாள் கூலி போய்விடுமே என்று கூட்டத்துக்கு வருவதில்லை. அந்த ஒருநாள் கூலியைக் கழகம் கொடுக்கலாகாதா? அவர்கள் வந்தமர்ந்து, குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டு, அக்கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யட்டும். வருகிற கூட்டத்துக்கே இதனைத் தொடங்கலாம்.