சிறு இராக்கெட்டும் வானிலிருந்து நம் ஊரும்

(கொல்லிமலையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் இராக்கெட்டைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். விடுதி, உதவித்தொகை, வேலைவாய்ப்பு எனப் பேச வேண்டியவை பல உண்டு. அவற்றை மறந்து நாம் இதனைப் பேச முன்வரவில்லை. நம் ஊர்களின் படத்தை இதுவரை வரைந்தவர்கள் பிறரே. நிலம் அளந்தவரும், எல்லைக்கல் நட்டவரும், பாதையென்று கோடிட்டவரும் வெளியிலிருந்து வந்தவர்கள். செங்கற்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்கீர் 1891-இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892-இல் அரசாணை பிறந்து பஞ்சமி நிலங்கள் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுள் மிகப்பல பின்னர்க் கைமாறிப் போயின. எந்த நிலம் எங்கே கிடக்கிறது என்பதை எடுத்துக்காட்ட நம்மிடம் ஆவணமும் படமும் இல்லாதிருந்தமை அதற்கு ஒரு காரணம். ஆகவே, நம் ஊரை நாமே மேலிருந்து படமெடுக்கக் கற்பது வெறும் விளையாட்டன்று.

வானில் காமிராவை அனுப்பும் முயற்சி நூறாண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையது. ஜெர்மனி நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் மௌல் என்பார் 1903-இல் காமிரா இராக்கெட்டுக்கு உரிமம் பெற்றார். 1912-இல் அவர் ஏவிய இராக்கெட்டின் எடை 41 கிலோகிராம். 1946 அக்டோபர் 24 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்திலிருந்து ஏவப்பட்ட வி-2 இராக்கெட் சுமார் 105 கிலோமீட்டர் உயரம் சென்றது. ஒன்றரை வினாடிக்கு ஒன்றாக அதிலிருந்த காமிரா படமெடுத்தது. இராக்கெட் தரையில் மோதி நொறுங்கியது. ஆனால் எஃகுப் பேழைக்குள் இருந்த படச்சுருள் பிழைத்தது. விண்வெளியிலிருந்து எடுத்த பூமியின் முதற்படம் அவ்வாறே கிடைத்தது. கருவி உடைந்தாலும் படம் உடையாதபடி காப்பதே முதற்கடமை என்பது அதனால் விளங்கும்.

நம் நாட்டின் தொடக்கமும் எளியதே. 1963 நவம்பர் 21 அன்று கேரளத்துத் தும்பாவிலிருந்து முதல் இராக்கெட் கிளம்பியது. மீனவர் தம் நிலத்தை விட்டுக்கொடுத்த ஊர் அது. அவர்தம் தேவாலயமே அலுவலகமாயிற்று. இராக்கெட்டின் உறுப்புகள் மிதிவண்டியில் சென்றன. 1967-இல் நாமே செய்து ஏவிய ரோகிணி இராக்கெட்டின் குறுக்களவு 75 மில்லிமீட்டர்தான். நமக்கு அண்டையிலுள்ள கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டி இளைஞர் ரிஃபாத் ஷாரூக் தம் தோழர்களோடு உருவாக்கிய கலாம்சாட் 64 கிராம் எடையே உடையது. 2017 ஜூன் 22 அன்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் இராக்கெட் அதனைச் சுமந்து சென்றது. எடையைக் குறைக்கத் தெரிந்தவருக்கு வழி திறக்கிறது.

இனி நாம் செய்யவேண்டியதைப் பார்ப்போம். வெடிமருந்து நமக்கு வேண்டாம். உரிமமின்றி அதனைச் செய்வது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். மருந்தின் விலை என்னவென்று ஏழைத் தொழிலாளியின் குடும்பத்துக்குத் தெரியும். கோடையில் இம்மலைக் காட்டுக்கு ஒரு பொறி போதும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். நமக்குத் தண்ணீரும் காற்றும் போதுமானவை.

சோடா அடைத்து வரும் 2 லிட்டர் பிளாஸ்டிக் புட்டி சுமார் 50 கிராம் எடையுள்ளது. குடிநீர்ப் புட்டி அழுத்தம் தாங்காது. கீறல் விழுந்த புட்டியும் ஆகாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து, வாயை இறுக்கும் பிடியில் பொருத்தி, அளவுமானி உள்ள சைக்கிள் பம்பினால் சதுர அங்குலத்திற்கு 60 பவுண்டு வரை காற்றடைக்க வேண்டும், அதற்குமேல் கூடாது. பத்து மீட்டர் தள்ளி நின்று கயிற்றை இழுத்துப் பிடியை விடுவிக்க வேண்டும். அமுங்கிய காற்று தண்ணீரைக் கீழே தள்ளும். தண்ணீர் புட்டியை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் தண்ணீர் முழுவதும் வெளியேறிவிடும். காமிராவோடு மொத்தம் 200 கிராமுக்குள் அடக்கினால் 30 முதல் 50 மீட்டர் வரை அது உயரும். ஏறத்தாழ இரண்டு தென்னைமர உயரம்.

இது வல்வில் ஓரி ஆண்ட மலை. அம்பின் முனையில் இரும்பும் வாலில் இறகும் ஏன் வைத்தார்கள் என்று நாம் கேட்டதுண்டா? எடை முன்னே இருக்க வேண்டும். காற்றைப் பிடிக்கும் பரப்பு பின்னே இருக்க வேண்டும். அப்போதுதான் அம்பு தலைகீழாகப் புரளாது. இராக்கெட்டுக்கும் அதுவே விதி. தண்ணீரில்லாத இராக்கெட்டை எடை சமநிற்கும் இடத்தில் கயிறு கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னோக்கிச் சென்றால் நேரே பறக்கும். இல்லையேல் மூக்கில் எடை கூட்டவேண்டும், அல்லது வால்துடுப்புகளைப் பெரிதாக்க வேண்டும். ஆகவே காமிராவை மூக்கில் வைத்தால் அது சுமையன்று, வழிகாட்டி.

சாவிக்கொத்தில் தொங்கும் அளவிலான காமிரா 20 கிராமுக்குள் கிடைக்கிறது. கைப்பேசி நமக்குக் கனம். புறப்படும் கணத்தில் காமிரா தன் எடையைப்போல் முப்பது மடங்குக்கு மேல் கனக்கும். அந்த 20 கிராம் அரைக் கிலோவுக்கு மேலாகிவிடும். எனவே பஞ்சுறையில் பொதிய வேண்டும். உச்சியில் மூக்கு கழன்று, பழைய குடைத்துணியில் தைத்த பாரசூட்டில் தொங்கியவாறு இறங்கட்டும். கீழ்நோக்கிய காமிரா அப்போதுதான் தெளிவாகக் காணும். காற்று வீசும் நாளில் ஏவாதீர்கள். பள்ளத்தாக்கின் விளிம்பில் ஏவினால் காமிராவைத் தேடி இறங்கவேண்டி வரும்.

நாற்பது மீட்டர் உயரத்தில் 60 பாகைக் கோணமுள்ள காமிரா சுமார் 46 மீட்டர் அகலத்தைக் காணும். தரையில் சுண்ணாம்பால் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு குறிகள் இட்டு நாடாவால் அளந்து வைத்தால், படத்திலுள்ள எந்தத் தொலைவையும் கணக்கிட்டுவிடலாம். சில முறை ஏவி, படங்களை ஒட்டினால் தெருவின் படம் உருவாகும். மழைநீர் எந்த வீடுகளில் தேங்குகிறது, சுடுகாட்டுப் பாதை எவ்விடத்தில் குறுகுகிறது, பொதுக்கிணற்றுக்குச் செல்லும் வழியை எந்த வேலி மறிக்கிறது என்பன அதில் தெரியும்.

ஒன்றை நினைவிற்கொள்ளுங்கள். படம் பட்டா ஆகாது. அதனைக் கிராம வரைபடத்தோடும் புல வரைபடத்தோடும் ஒப்பிட வேண்டும். சர்வே எண்ணைக் குறிக்க வேண்டும். நாளும் இடமும் எழுத வேண்டும். அதன்பின் மனுவோடு இணைத்து வட்டாட்சியரிடம் கொடுத்தால், பார்வையிட வாருங்கள் என்னும் நம் வேண்டுகோளுக்கு வலிமை உண்டாகும். ஏவுமுன் ஊராரிடம் கேளுங்கள். பிறர் முற்றத்தைக் கேளாது படமெடுப்பது முறையன்று. மலையில் ஏவுவதாயின் மலையாளிப் பழங்குடி மக்களின் இசைவைப் பெற்று, அவர்தம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஊர்ப்படம் அவர்களுக்கே உரியது.

இப்பணிக்குத் தச்சு தெரிந்தவர் வேண்டும், தையல் தெரிந்தவர் வேண்டும், கணக்குத் தெரிந்தவர் வேண்டும், மனு எழுதத் தெரிந்தவர் வேண்டும். பெண்பிள்ளைகளைக் கைதட்ட மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பம்பும் கயிறும் அவர்கள் கையிலும் இருக்கட்டும். முதல் ஐந்து முறை விழுந்து நொறுங்கினால் அஞ்சவேண்டாம். ஏன் விழுந்தது என்று ஏட்டில் எழுதுங்கள். ஆறாவதைச் செய்பவருக்கு அந்த ஏடே ஆசிரியர்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் எழுத்தைக் கற்பித்தது. இனி அளக்கவும் கற்பிக்கட்டும். தம் ஊரை அளக்கத் தெரிந்த பிள்ளையிடம், உன் பாதை இங்கே இல்லை என்று எவரும் எளிதிற் சொல்லிவிட முடியாது.