ரிசர்வை நம்பலாமா?

பழைய மோட்டார் சைக்கிள் பலவற்றில் பெட்ரோல் முள் கிடையாது. ரிசர்வ் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் ஓட்டுகிறோம். ஆனால் ரிசர்வ் தனி டேங்க் அல்ல. டேங்குக்குள் உயரமாக ஒரு வாய், தாழ்வாக ஒரு வாய். மேல்வாய்க்கு எட்டாமல் அடியில் தங்கும் பெட்ரோல்தான் ரிசர்வ். அதன் அளவைத் தெரிந்துகொள்ள, வண்டி திணறியதும் பெட்ரோல் திருகை ரிசர்வுக்குத் திருப்பி, பக்கத்து பங்க்கில் டேங்கை நிரப்புங்கள். 10 லிட்டர் டேங்க் 8.5 லிட்டர் பிடித்தால், ரிசர்வ் ஏறத்தாழ 1.5 லிட்டர். அதேபோல, முழு டேங்கில் கிளம்பி 270 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி நிரப்ப 6 லிட்டர் ஆனால், மைலேஜ் 45. ஆக, ரிசர்வுக்கு முன் சுமார் 380 கிலோமீட்டர். ரிசர்வில் சுமார் 67.

கார்புரேட்டர் வண்டியின் மைலேஜ் சுமைக்கும் வேகத்துக்கும் ஏற்ப மாறுமே, கணக்கு எதற்கு என்று கேட்கலாம். மாறுவதால்தான் கணக்கு வேண்டும்: மூன்று முறை பார்த்து, கிடைத்ததில் குறைந்த எண்ணை எடுங்கள், 67-ஐ 50 என்றே வையுங்கள். ரிசர்வே போதும் என்பவர்கள் இரண்டை மறக்கிறார்கள். பழைய டேங்கின் அடியில் தங்கும் துருவும் தண்ணீரும் அந்தத் தாழ்ந்த வாயைத்தான் முதலில் அடைக்கும். பெட்ரோல் போட்டபின் திருகை 'ஆன்' பக்கம் திருப்பாவிட்டால், அடுத்த முறை முன்னறிவிப்பே இல்லாமல் வண்டி நிற்கும். கிலோமீட்டரைப் பார்த்துப் பெட்ரோல் போடுங்கள். ரிசர்வ் அவசரத்துக்கு மட்டும் இருக்கட்டும்.