பெயர் அழிந்த வண்டிக்கு வயது என்ன?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசுப்பா, ஆனா உன் கம்பெனிப் பெருமை மட்டும் வேண்டாம்" என்றார். நல்லதாப் போச்சு. நான் வேலை பார்ப்பது கலிபோர்னியாவில். சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பொதுப் பட்டறையில் பழைய சைக்கிள்களைச் சரிசெய்து கொடுக்கிறோம். யாராவது ஒரு பழைய மவுண்டன் பைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது யார் செய்தது? எந்த வருஷத்து வண்டி?" என்று கேட்பார்கள். அதைக் கண்டுபிடிப்பது என் வேலை. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பழைய இரும்புக்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்று கேட்கலாம். அந்த வண்டி பிறந்ததே கலிபோர்னியாவின் மாரின் பகுதியில்தான். 1930-களின் பருத்த டயர் சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, மண்பாதையில் இறக்கி விளையாடிய இளைஞர்கள், 1976 அக்டோபரில் 'ரீபேக்' என்ற பந்தயத்தைத் தொடங்கினார்கள். ஒரே இறக்கத்தில் பின்சக்கர ஹப் பிரேக்கின் கிரீஸ் வெந்து புகைந்துவிடுமாம். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர். 1977-ல் ஜோ ப்ரீஸ் இதற்கென்றே தனி பிரேம் கட்டினார். 1979-ல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி செய்த பிரேம்களை வைத்து விற்பனை தொடங்கினார்கள். 1981-ல் ஜப்பானில் தயாரான 'ஸ்டம்ப்ஜம்பர்', ஸ்பெஷலைஸ்டு கம்பெனி மூலம் கடைக்கு வந்தது. இந்த ஆரம்பகால வண்டிகளைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. ஆகவே நாலைந்து வருஷ வித்தியாசம் என்பது பெரிய பண வித்தியாசம்.

ஒரு நாள் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மையார், பேரனோடு ஒரு வண்டியைக் கொண்டுவந்தார். காலமான கணவருடையது. கறுப்புப் பெயின்டைக் கையால் பூசியிருந்தார்கள். பெயர், ஸ்டிக்கர் எதுவும் இல்லை. "1983-ல் வாங்கினேன் என்று அவர் சொல்வார்" என்றார். வாங்க ஓர் ஆள் தயாராக இருந்தார். ஆனால் 1983 என்று பட்டறையிலிருந்து எழுதித் தர வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அம்மையாருக்கும் அந்தப் பணம் தேவைதான்.

இங்கே முதல் விதி: கழற்றி மாட்டக் கூடியதை நம்பாதே, பிரேமோடு பற்றவைத்ததை முதலில் பார்.

கழற்றக் கூடியவை நன்றாகவே பேசும், அதில் சந்தேகமில்லை. ஷிமானோ பாகங்களின் பின்புறம் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து வருஷம். 'ஏ' என்றால் 1976, அங்கிருந்து வரிசையாக எண்ண வேண்டும். இரண்டாவது எழுத்து மாதம். இந்த வண்டியின் கிராங்கில் 'எல்', 'எச்' என்று இருந்தது: 1987 ஆகஸ்ட். பின் டிரெய்லரில் 'பி', 'டி': 1991 ஏப்ரல். இரண்டும் பாகங்களின் பிறந்த தேதி. வண்டியின் தேதி அதற்கு முன்னும் இருக்கலாம், பின்னும் இருக்கலாம். 1983-ல் வாங்கிய வண்டிக்குப் பிறகு புது கிராங்க் போட்டிருக்கலாமே! பேரனும் அதைத்தான் கேட்டான். நியாயமான கேள்வி.

அதற்குப் பதில் பிரேமில் இருந்தது. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பின் பிரேக், இருக்கைக்குக் கீழே இல்லை. பெடல் அச்சுக்குப் பின்னால், செயின் ஓடும் குழாய்களின் அடியில் 'யு' பிரேக் இருந்தது. அதைத் தாங்கும் குமிழ்கள் பிரேமிலேயே பற்றவைத்தவை. பெயின்டுக்கு அடியில் பற்றவைப்பு தொழிற்சாலை வேலையாகச் சுத்தமாக இருந்தது. வழக்கமான இடத்தில் குமிழ் வைத்து எடுத்த தழும்பும் இல்லை. இந்த அமைப்பு 1986 முதல் 1988 வரை அமோகமாக ஓடியது. அந்த இடத்தில் சேறு அப்பிக்கொள்ளும், சரிசெய்யக் கை நுழையாது. அதனால் சீக்கிரமே கைவிட்டார்கள். அந்தக் கொஞ்ச கால மோகம்தான் இன்று நமக்குச் சாட்சி.

அடுத்து, பின்சக்கரம் உட்காரும் இடைவெளி. முதலாண்டு ஆய்வகத்தில் வேண்டாவெறுப்பாகப் பிடித்தோமே வெர்னியர் காலிப்பர், அதேதான்! 130 மில்லிமீட்டர் காட்டியது. 1990 வாக்கில் மவுண்டன் பைக்குகளில் 135 பரவலாகிவிட்டது. ஆக பிரேமும் கிராங்கும் ஒரே கதையைச் சொல்லின. 1987 கடைசி அல்லது 1988. டிரெய்லர் மட்டும் பிற்பாடு மாற்றியது.

சரி, செய்தது யார்? பெயின்டைக் கொஞ்சம் சுரண்டியதில் 'டாங்கே' என்ற ஜப்பான் குழாய்க் கம்பெனியின் ஸ்டிக்கர் தெரிந்தது. உடனே பேரன், "அப்போ ஜப்பான் வண்டி!" என்றான். குழாய் ஜப்பான், அவ்வளவுதான் சொல்லலாம். தைவான் தொழிற்சாலைகளும் அதே குழாயை வாங்கின. அந்தக் காலத்தில் ஒரே தொழிற்சாலை பல பெயர்களுக்கு வண்டி செய்தது. அமெரிக்காவின் ஷ்வின் வண்டிகளையே தைவானின் ஜயண்ட் செய்து கொடுத்தது. அடியில் பொறித்த வரிசை எண், நான் பார்த்த எந்தக் கம்பெனியின் முறையோடும் பொருந்தவில்லை.

எழுதிக் கொடுத்தேன்: "1987 இறுதி அல்லது 1988. தயாரிப்பாளர் பெயர் உறுதியாகவில்லை." காரணங்களையும், அளவுகளையும், போட்டோக்களையும் சேர்த்தேன். வாங்க வந்தவர் போய்விட்டார். அம்மையார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவர் பொய் சொல்ற ஆள் இல்லையே" என்றார். "பொய்யாக இருக்காது அம்மா. முப்பது வருஷத்துக்குப் பிறகு வருஷம் குழம்புவது எல்லோருக்கும் உண்டு" என்றேன். இரண்டு மாதம் கழித்து வேறொருவர், அதே தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டார். பேரம் பேசவில்லையாம். காரணம் தாளிலேயே இருந்தது.

மாணவ நண்பர்களே, நாளைக்கு நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள். பாலத்துக்கு, கொதிகலனுக்கு, மென்பொருளுக்கு. "இப்படி எழுதிக் குடுங்க சார்" என்று கேட்பவர் எதிரே உட்கார்ந்திருப்பார். சில சமயம் அவர் ரொம்ப நல்லவராகவும், கஷ்டப்படுபவராகவும் இருப்பார். அப்போதுதான் கை தடுமாறும். அளந்தது எது, ஊகித்தது எது, தெரியாதது எது என்று மூன்றையும் தனித்தனிப் பத்தியாக எழுதிப் பழகுங்கள். உங்கள் லேப் ரெக்கார்டிலேயே தொடங்கலாம். பேராசிரியர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்!

 சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டேன்.