வாசலில் நிற்கும் பேய்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் பேயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முகம் சுளிக்க வேண்டா. பேயைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. கலிங்கத்துப் போர்க்களத்தில் செயங்கொண்டார் பேய்களைக் கூழ் சமைக்க வைத்தார். அந்தத் துணிவில்தான் நானும் வந்திருக்கிறேன்.

2024ஆம் ஆண்டில் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. அன்று மாலை எங்கள் அடுக்ககத்தில் அழைப்பு மணி ஒலித்தது. கதவைத் திறந்தேன். நான்கு பிள்ளைகள் நின்றார்கள். ஒருவன் எலும்புக்கூட்டு முகமூடி அணிந்திருந்தான். ஒரு சிறுமி தாயாரின் கறுப்புத் துப்பட்டாவைத் தலையோடு போர்த்தியிருந்தாள். கையில் துணிப்பை. ஆங்கிலத்தில் ஒன்றாகக் கூவினார்கள். "என்ன இது?" என்றேன். "ஹாலோவீன், தாத்தா. மிட்டாய் தரணும், இல்லேன்னா குறும்பு செய்வோம்" என்றாள் அச்சிறுமி. "இது நம் பண்பாடன்று, போய்ப் படியுங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். உள்ளே மேசைமேல் அதிரசமும் முறுக்கும் தட்டு நிறைய இருந்தன. என் துணைவியார் கேட்டார்: "நல்ல நாளும் அதுவுமா வாசலுக்கு வந்த பிள்ளைங்களை வெறுங்கையோடவா அனுப்பினீங்க?" என்னிடம் விடையில்லை. இந்த உரை அந்த விடையைத் தேடியதன் பயன்.

ஹாலோவீன் என்பது அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு. திருநாள் நவம்பர் 1. மறுநாள் நவம்பர் 2 இறந்த அனைவரையும் நினைக்கும் நாள். இவற்றுக்கும் முன்னே அயர்லாந்திலும் ஸ்காத்லாந்திலும் வாழ்ந்த கெல்த்திய மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த வேளையைச் சாவின் என்னும் பெயரால் கொண்டாடினர். அன்றிரவு மறுவுலகின் வாயில் திறந்திருக்கும் என்று நம்பினர். இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகள் வீடுவீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தோர்க்காக இறைவனை வேண்டுவதாகச் சொல்லி, 'ஆன்ம அப்பம்' பெற்றனர். ஸ்காத்லாந்துப் பிள்ளைகளோ மாறுவேடம் பூண்டு வந்து, பாட்டொன்றைப் பாடியோ செய்யுளொன்றைச் சொல்லியோ பண்டத்தைப் பெற்றார்கள். கவிஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அங்கே தின்பண்டத்தின் விலை ஒரு பாட்டு!

1845க்குப் பின் வந்த பெரும்பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாக அமெரிக்கா சென்ற அயர்லாந்து மக்கள் இவ்வழக்கத்தையும் கொண்டு சென்றனர். ஊரில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு அங்கே பூசணி கிடைத்தது. "பண்டமா, குறும்பா" என்று மிரட்டும் தொடர் 1920களில்தான் வட அமெரிக்க நாளேடுகளில் பரவலாயிற்று. பாட்டு போய் மிரட்டல் வந்தது. பின்னர் மிட்டாய் வணிகம் வந்தது.

இதில் நமக்கு அந்நியமானது எது? பூசணியில் பூத முகம் எழுதிக் கட்டும் வீட்டில் தொங்கவிடுகிறவர்கள் நாம். நீத்தாரைப் போற்றுவதோ நம் அறம். இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐவரை அடுக்கும் வள்ளுவர், 43ஆம் குறளில் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். நடுகல் வழிபாட்டைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்தல் வரை ஆறு நிலைகளாக வகுத்தது. நம் ஊரில் நவம்பர் 2 அன்று உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று பாருங்கள். கல்லறைகளைக் கழுவி, மலர் சூட்டி, மெழுகுதிரி ஏற்றி, அருகே அமர்ந்திருக்கும் குடும்பங்களைக் காணலாம். இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சு ஆட்சி நம் கைக்கு மாறிய நாள் 1954 நவம்பர் 1. அனைத்துப் புனிதர் திருநாளும் அதுவே. அந்நியர் ஆட்சியின் கடைசி இரவு, நாட்காட்டிப்படி, ஹாலோவீன் இரவு!

வாசலில் நின்று கேட்பதும் நமக்குப் புதிதன்று. என் பிள்ளைப் பருவத்தில் நவராத்திரி ஒன்பது நாளும் கண்ணன் வேடமிட்டுக் கொலு வைத்த வீடுகளுக்கெல்லாம் சென்றிருக்கிறேன். "பாடு, சுண்டல் தருகிறேன்" என்பார்கள். பாட்டு மறந்து விழித்தபோது சிரித்துக்கொண்டே இரு கை நிறைய அள்ளித் தந்த பாட்டியின் முகம் இன்றும் நினைவிருக்கிறது. ஸ்காத்லாந்துப் பிள்ளைக்கும் எனக்கும் என்ன வேற்றுமை?

இனி நம் காரைக்காலுக்கு வருவோம். புனிதவதியாரின் வாசலில் பசியோடு ஓர் அடியார் நின்றார். கறி சமைந்திருக்கவில்லை. கணவன் பரமதத்தன் அனுப்பிய மாங்கனிகள் இரண்டில் ஒன்றைச் சோற்றோடு இட்டார். அந்த ஒரு கனியிலிருந்தே அனைத்தும் தொடங்கின. கணவன் மற்றொன்றையும் கேட்க, இறையருளால் ஒரு கனி வந்தது, அதன் சுவையில் ஐயம் பிறந்தது, ஐயம் அச்சமாயிற்று, அவன் கப்பலேறிப் பிரிந்தான். தசையை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றார் அம்மையார். 'காரைக்கால் பேய்' என்று தம் பாடலில் தம் பெயரையே பொறித்தார். உலகோர் அஞ்சி ஒதுங்கிய அவ்வடிவை இறைவன் 'அம்மையே' என்று அழைத்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். இன்றும் ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிச்சாண்டவர் வீதியுலா வருகையில் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைப்பார்கள். கீழே நிற்போர் முண்டியடித்துப் பிடிப்பார்கள். இறைவனே வாசலுக்கு வந்து கேட்கிறான். ஊரே இனிப்பை அள்ளி எறிகிறது. விழாவின் நாயகியோ பேயுருக் கொண்ட பெரும்புலவர். இத்தகைய ஊரை உடைய நாம் முகமூடி அணிந்த பிள்ளைகளைப் பார்த்து "இது நம் பண்பாடன்று" என்று சொல்லலாமா?

மறுப்போர் கூற்றிலும் நியாயம் உண்டு. நெகிழி முகமூடியும் பெட்டி பெட்டியாக மிட்டாயும் விற்பதற்காகவே ஒரு நாளை நம்மேல் ஏற்றுகிறார்கள் என்பது மெய். மாங்கனித் திருவிழாவை அறியாத பிள்ளை ஹாலோவீனை அறிந்திருப்பது வருத்தத்துக்குரியது என்பதும் மெய். ஆனால் அவ்வருத்தத்துக்குப் பொறுப்பு யார்? கொலு வைத்த வீடுகளில் கூடக் கதவைச் சாத்திக்கொண்டோம். பெயர் தெரியாத பிள்ளை வந்து பாட இடமில்லாமற் செய்தோம். பழைய வாசல் அடைபட்டதால் பிள்ளைகள் வேறொரு வாசலைத் தேடிக்கொண்டார்கள். அவர்களிடம் நாம் கேட்டிருக்க வேண்டியது, "எங்கே, ஒரு பாட்டுப் பாடு" என்பதே. பாடுவதற்கு அவர்களுக்குத் தமிழில் பேய்ப்பாட்டு ஒன்றேனும் எழுதித் தர வேண்டியவர்கள் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறீர்கள்.

2025 அக்டோபர் 31 அன்று மாலை, தட்டு நிறைய அதிரசத்தோடு காத்திருந்தேன். மேல்தளத்தில் பிள்ளைகளின் சிரிப்பொலி கேட்டது. படியிறங்கும் ஓசையும் கேட்டது. எங்கள் வாசலருகே அந்த ஓசை மெல்ல அடங்கியது. கால் விரல்களால் நடந்து கடந்து போனார்கள். அந்த வீட்டுத் தாத்தா திட்டுவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்றிரவு அக்கட்டடத்தில் பிள்ளைகள் அஞ்சிய பேய் நான் ஒருவனே.

அடுத்த அக்டோபரில் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். அதற்குள் அப்பேய்ப்பாட்டை உங்களுள் ஒருவர் எழுதித் தருவீர்கள் என்னும் நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.