அந்தியில் மங்கும் பூனைக் கண்

கண்டி மலைகளின்மீது மாலை இருள் இறங்கியதும் நமக்கு விளக்கு வேண்டியிருக்கிறது. பூனைக்கோ நமக்குத் தேவையான ஒளியில் ஆறில் ஒரு பங்கே போதும். அத்தகைய பிராணி அந்தி வேளையில் படிக்கட்டிலே தயங்கி நின்றால், "வயதாகிவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். வயது மூன்றே என்றால் அந்தச் சமாதானம் பொருந்துமா?

விழித்திரையில் மங்கிய ஒளியை உணர்பவை கோல்கள் எனப்படும் கலங்கள். கோலின் உட்பகுதி புரதங்களை ஆக்குகிறது. வெளிப்பகுதி ஒளியை ஏற்கிறது. இரண்டையும் இணைப்பது மிக மெல்லியதொரு காம்பு. வெளிப்பகுதி ஏறத்தாழப் பத்து நாட்களில் முற்றும் புதுப்பிக்கப்படுவதால், ரொடொப்சின் என்னும் ஒளியுணர் புரதம் இடையறாது அக்காம்பின் வழியே சென்றாக வேண்டும். பேராதனையில் மகாவலியைக் கடக்கும் பாலம் அடைபட்டால் கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் சரக்கு என்னாகும்? அதுவே இங்கும் நிகழ்கிறது. காம்பிலே காவல் நிற்கும் புரதங்களுள் ஒன்றின் பெயர் செப் 290.

சுவீடனில் கிறிஸ்டினா நார்ஃப்ஸ்ட்ரோம் அம்மையார் 1980களில் அபிசீனியப் பூனைகளில் இப்பரம்பரை நோயை ஆராய்ந்து விவரித்தார். அதன் காரணம் 2007இல் வெளிப்பட்டது. செப் 290 புரதத்துக்குரிய பரம்பரையலகில் ஓரெழுத்து மாறியிருந்தது. அதனால் புரதம் ஆக்கும் செய்தியில் நான்கெழுத்துக்கள் மிகுந்து, வாசிப்புப் பிறழ்ந்து, புரதம் முழுமை பெறுமுன்னே அறுபட்டுவிடுகிறது. முதலிற் கோல்கள் தேய்கின்றன, பின்னர் கூம்புகள். நோவில்லை, ஆகவே வீட்டார் அறிவதுமில்லை. சயாமியப் பூனை முதலிய வேறு இனங்களிலும் இதே மாற்றம் பின்னர் காணப்பட்டது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தாலன்றி நோய் தோன்றாது. ஒரு பக்கத்தால் மட்டும் பெற்ற பூனை நன்றாகவே பார்க்கும். குறையை மட்டும் குட்டிகளுக்குக் கடத்தும். மனிதரிலும் இதே புரதம் பழுதுபட்டால் குழந்தை பிறவியிலேயே பார்வை குன்றக்கூடும். மாமன் மகளை மணக்கும் வழக்கமுடைய நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. ஒரே பாட்டனாரின் குறை இருவழியாலும் வந்து கூடும் வாய்ப்பு அங்கே மிகுதி. சாதகம் பார்க்குமுன் இரு குடும்பத்தாரின் கண்களைப் பற்றியும் விசாரித்தால் நன்று என்பது என் எண்ணம்.

பூனையிடம் திரும்புவோம். விழித்திரைத் தேய்வெல்லாம் பரம்பரையால் வருவதன்று. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டோரின் என்னும் சத்துக் குறைந்தாலும் அது நேரும் என்பது 1975இல் நிறுவப்பட்டது. மரக்கறி வீடுகளில் சோறும் பருப்பும் மட்டுமே உண்டு வளரும் பூனைக்கு இந்த அபாயம் உண்டு. இழந்த பார்வை மீளாது. ஆயினும் உணவை மாற்றினால் எஞ்சியதைக் காக்கலாம். எது காரணமென்று ஐயம் எழுந்தால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை கண்டிக்கு அருகிலேயே இருக்கிறது.