ரேடியேட்டர் மூடி

பழைய அம்பாசிடர் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

அந்த வண்டியின் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. இருந்தாலும் அதை ஆசையாகப் பராமரித்து ஊர் சுற்றுகிறவர்கள் இன்றும் உண்டு. பானெட்டைத் தூக்கினால் எல்லாமே கைக்கு எட்டும். பாதி வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம். அது ஒரு தனி சந்தோஷம்.

அந்த வண்டியில் ஆழியாறிலிருந்து மலைமேல் உள்ள வால்பாறைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி சின்ன கியரில்தான் ஏறும். வேகம் குறைவு, ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு. சூடு காட்டும் முள் மேலே ஏறுகிறது. உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ஆனால், ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்!

பிரஷர் அடங்காத குக்கரை யாராவது திறப்போமா? இதுவும் அப்படித்தான். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. மூடியைத் திருகினால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

பொறுத்திருங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கிற சூட்டுக்கு வரட்டும். பிறகு தடித்த துணியை மூடிமேல் போட்டு, கொஞ்சமாகத் திருகுங்கள். ‘உஸ்’ என்ற சத்தம் முழுதாக அடங்கட்டும். அப்புறம் திறக்கலாம். தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் இரும்பு விரிசல் விடலாம்.

இதைவிட நல்லது, காலையில் கிளம்பும் முன்பே பார்த்துவிடுவது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து தண்ணீர் அளவைப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. நாளைக் காலையிலிருந்தே தொடங்குங்கள்.